ஒரே உலை: பரட்டை ஐயரும் நம்ம சர்ச்சும்

இன்னைக்கு எபிசோட் ஒரு பாதிரியாரைப் பத்தி. பேரு ஜேம்ஸ் தியோஃபிலஸ் அப்பாவு. 1940-ல் பிறந்தவர், 2005-ல் இறந்துட்டார். சிஎஸ்ஐ ஆயர், மதுரை அரசரடியில இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில பேராசிரியர், பாட்டு எழுதறவர், மெட்டு போடறவர். ஆனா அவர் பேரைச் சொன்னா நிறைய பேருக்குத் தெரியாது. 'பரட்டை'ன்னு சொன்னாத்தான் தெரியும். அவரே வச்சுக்கிட்ட பேரு அது. மாணவர்களுக்கு 'பரட்டை அண்ணன்'. சிஎஸ்ஐ-ல வயசானவங்க இன்னும் பாதிரியாரை 'ஐயர்'னுதான் சொல்வாங்க, அதனால எனக்கு 'பரட்டை ஐயர்'னு சொல்றதுல ஒரு குஷி. அந்த ரெண்டு வார்த்தையும் பக்கத்துல பக்கத்துல உக்காந்தாலே பாதி எபிசோட் முடிஞ்ச மாதிரி.

எதுக்கு இப்ப இவர்? உங்க மெயில்கள்ல ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிஎஸ்ஐ-யை விட்டுட்டு பேண்ட், லைட்டிங் இருக்கிற புது சர்ச்சுக்குப் போறாங்க. நம்ம சர்ச் எப்ப மாறும்?" நானும் கோயம்புத்தூர்ல சிஎஸ்ஐ குடும்பத்துல வளர்ந்தவன்தான். இது எங்க வீட்டு டைனிங் டேபிள் சண்டை.

கிறிஸ்தவர் இல்லாத நேயர்களுக்காக ஒரு நிமிஷம். சிஎஸ்ஐ-ன்னா தென்னிந்தியத் திருச்சபை. சுதந்திரம் கிடைச்சு ஆறே வாரத்துல, 1947 செப்டம்பர் 27-ம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல ஆரம்பிச்சது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், அப்புறம் ஏற்கெனவே ஒண்ணா இணைஞ்சிருந்த காங்கிரிகேஷனல், பிரஸ்பிடேரியன் சபைகள், எல்லாம் சேர்ந்து ஒரே சபை ஆச்சு. இந்த மாதிரி மிஷனரி காலத்துல இருந்து வர்ற பழைய பெரிய சபைகளைத்தான் 'மெயின்லைன்'னு சொல்றாங்க. நம்ம ஊர்ல லண்டன் மிஷன்காரங்க 1830-லயே வந்துட்டாங்க. ரேஸ் கோர்ஸ் ஆல் சோல்ஸ், ஈரோடு பிரப் சர்ச், இதெல்லாம் பஸ்ல போறப்ப பார்த்திருப்பீங்க.

மேல்நாட்டுல மெயின்லைன் சபையோட பிரச்சினை, ஆளே இல்லாதது. லெஸ்லி நியூபிகின்னு ஒருத்தர் இருந்தார். 37 வயசுல மதுரையில சிஎஸ்ஐ பிஷப் ஆனவர், பிறகு சென்னைக்கும் பிஷப். 1974-ல் ஓய்வு பெற்று, மனைவியோட ரெண்டு சூட்கேஸ், ஒரு முதுகுப்பை, கிடைச்ச பஸ்ஸுனு தரை வழியாவே இங்கிலாந்து போனார். போய்ப் பார்த்தா அங்கே மதமே யாருக்கும் பொருட்டா இல்லை. பர்மிங்ஹாம்ல வின்சன் கிரீன்ங்கிற பகுதியில, ஜெயிலுக்கு எதிர்ல ஒரு சின்ன சபைக்கு ஆயரா உக்காந்தார். இந்தியாவை விட இங்கிலாந்துதான் கஷ்டமான ஊழியக் களம்ங்கிற முடிவுக்கு வந்து, அதைப் பத்திப் புத்தகம் புத்தகமா எழுதினார்.

நம்ம கதை அது இல்லை. இங்கே ஞாயித்துக்கிழமை பார்க்கிங் கிடைக்காது. ஆள் இருக்காங்க. யார், எங்கே, யார் பக்கத்துல உக்காந்திருக்காங்கங்கிறதுதான் இங்கே கேள்வி.

என் தொழில் சாஃப்ட்வேர், அதனால அந்த பாஷையில ஒருவாட்டி சொல்லிக்கிறேன், அப்புறம் விட்டுடறேன். ஒரு ஆப்பை மாத்தறதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு ஸ்கிரீனை மாத்தறது: கலர், பட்டன், ஃபான்ட். இன்னொண்ணு யாருக்கு எதுக்கு அனுமதிங்கிறதை மாத்தறது. முதல் வகையை யூசர் உடனே பார்ப்பான், கை தட்டுவான். ரெண்டாவது வகையில கை வச்சா ஆபீஸ்ல சண்டை வரும். சர்ச்ல 'மறுமலர்ச்சி'ன்னு மீட்டிங் போட்டா பேச்சு எதைப் பத்தி இருக்கும்? கீபோர்டு மாத்தலாம், எல்இடி வால் வைக்கலாம், இங்கிலீஷ் சர்வீஸ் ஆரம்பிக்கலாம், யூடியூப் லைவ் போடலாம். எனக்கு அதுல எதுக்கும் எதிர்ப்பு இல்லை, எல்இடி வால் நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்கிலீஷ் சர்வீஸ் ஆரம்பிச்ச பிறகு காலைத் தமிழ் ஆராதனையில யார் மிச்சம் இருக்காங்கன்னு ஒரு நாள் திரும்பிப் பாருங்க.

அந்த ரெண்டாவது வகை எங்கே ஒளிஞ்சிருக்குன்னு தெரியணும்னா மேட்ரிமோனி ஆப்பைத் திறங்க. மதம்: கிறிஸ்டியன். சபை: சிஎஸ்ஐ. அதுக்குக் கீழே இன்னொரு பெட்டி இருக்கும்: ஜாதி. அந்த டிராப்-டவுனை எவனோ ஒருத்தன் கோட் பண்ணியிருக்கான். கேட்டவங்க இருந்ததால பண்ணியிருக்கான்.

இது நேத்து வந்ததில்லை. இருநூறு வருஷம் பின்னாடி, தஞ்சாவூருக்குப் போகணும்.

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார், 1774-ல இருந்து 1864 வரை வாழ்ந்தவர். பெத்லகேம் குறவஞ்சி எழுதினவர். இன்னைக்கும் நம்ம சர்ச்ல பாடற கீர்த்தனைகள்ல ஏகப்பட்டது அவருது. தமிழ்ல, ராகத்துல, தாளத்துல ஆராதனை இருக்கணும்னு நின்ன மனுஷன். அந்தக் காலத்துத் தஞ்சாவூர் சபையில வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், தலித் கிறிஸ்தவர்கள் இன்னொரு பக்கம் உக்காருவாங்க. 1829 வாக்கில் வந்த இளம் மிஷனரிகள், "எல்லாரும் கலந்து உக்காருங்க, திருவிருந்துல ஒண்ணா பங்கெடுங்க"ன்னாங்க. அதே மிஷனரிகள் பண்டிகைக்குப் பூ கூடாது, தமிழ் இசை கூடாதுன்னும் சொன்னாங்க. பழகின பைபிள் மொழிபெயர்ப்பையும் மாத்தினாங்க. சாஸ்திரியார் கொதிச்சுப் போய் எழுதின எதிர்ப்புல இது எல்லாமே ஒரே பட்டியல்ல இருக்கு. எங்க பாட்டைப் பறிக்கறீங்க, எங்க பூவைப் பறிக்கறீங்க, எங்களைக் கலந்து உக்கார வைக்கறீங்க.

இதை முதல்ல படிச்சப்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடலை. தமிழ் இசைக்காக நின்னவர் ஜாதி வரிசைக்காகவும் நிக்கறார். ஜாதிக்கு எதிரா நின்னவங்க தமிழ் இசைக்கும் எதிரா நிக்கறாங்க. ரெண்டு கட்சியுமே 'தமிழ்ப் பண்பாடு'ங்கிற மூட்டைக்குள்ள பாட்டையும் ஜாதியையும் ஒண்ணா கட்டிட்டாங்க. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள ஜாதி கூடவே கூடாதுன்னு கடிதம் அனுப்பினார். தஞ்சாவூர்லயும் சென்னை வேப்பேரியிலயும் கூட்டம் கூட்டமா வெளியேறினாங்க. ஆங்கிலிக்கன் சபை கண்டிப்பா இருந்தா, கண்டிப்பு இல்லாத சபைக்குப் போயிட்டாங்க. பிடிக்கலைன்னா வேற சர்ச்னு போறதும் நம்ம தலைமுறை கண்டுபிடிச்சது இல்லை, பாருங்க.

இந்த மூட்டையை அவிழ்க்க ரெண்டு முயற்சி நடந்துச்சு. ஒண்ணு நம்ம ஊர்க்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது.

ரேஸ் கோர்ஸ்ல பிஷப் அப்பாசாமி கல்லூரி இருக்கில்லையா? அந்த ஏ. ஜே. அப்பாசாமி யாருன்னு அங்கே படிச்ச என் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். "நிறுவனரா இருப்பார்டா"ங்கறாங்க. 1950-ல் கோவைத் திருமண்டலம் உருவானப்ப முதல் பேராயர் அவர்தான், 1959 வரைக்கும். 1891-ல் பாளையங்கோட்டையில பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டுல இந்து பக்தி இலக்கியத்தைப் பத்தி ஆய்வு பண்ணி டாக்டர் பட்டம் வாங்கினவர். கிறிஸ்தவத்தை பக்தி மார்க்கமாப் புரிஞ்சுக்கணும், ஆழ்வார்களையும் மாணிக்கவாசகரையும் படிச்ச தமிழனுக்கு யோவான் சுவிசேஷம் அந்நியமா இருக்காதுங்கிறது அவர் கருத்து. 1920-கள்ல, மிஷனரிகள் அதிகாரத்துல இருக்கிறப்ப, இதைச் சொல்லத் தைரியம் வேணும். அந்த மரியாதை எனக்கு அவர் மேல இருக்கு.

ஆனா ஒரு சங்கடமும் இருக்கு. கொங்கு நாட்டுக் கிராம சபைகள் பலதும் காலனியில இருக்கு. டீக்கடையில தனி டம்ளர் பார்த்த தாத்தா பாட்டிகளோட சபை அது. திருவாசகம் ஒலிச்ச கோயில் வாசப்படிக்கே அவங்களை விடலை. அந்த வாசல் வழியா இயேசுவை அறிமுகப்படுத்தினா, யாருக்கு அறிமுகப்படுத்தறோம்?

இந்த இடத்துலதான் பரட்டை ஐயர் வர்றார்.

அவர் 1986-ல் இங்கிலீஷ்ல எழுதின புத்தகம் 'ஃபோக்லோர் ஃபார் சேஞ்ச்'. நாட்டார் வழக்காறுகளை வச்சு மாற்றம் கொண்டு வர்றது எப்படிங்கிறதுதான் விஷயம். இவர் வெள்ளைக்காரப் பாட்டு வேணாம், கர்நாடக மெட்டு கீர்த்தனையும் வேணாம்னார். வரி எவ்வளவு புரட்சியா இருந்தாலும் மெட்டு தன் ஜாதியையும் வர்க்கத்தையும் கூடவே தூக்கிட்டு வரும்னார். இசை வெறும் பாத்திரம், எதை ஊத்தினாலும் தாங்கும்னு நாம நினைக்கிறோம். பாத்திரத்துக்கே வாசனை உண்டுங்கிறது அவர் கட்சி. கர்நாடக சங்கீதம் கத்துக்க வாத்தியார் வேணும், வருஷக்கணக்கா நேரம் வேணும், காசு வேணும். ஆர்கன் வாசிக்க ஆர்கன் வேணும். கிராமியப் பாட்டுக்கு? களையெடுக்கிற அக்கா ஒருவாட்டி கேட்டா திருப்பிப் பாடிடுவாங்க.

திருப்பிப் பாடறது மட்டுமில்லை, மாத்திப் பாடுவாங்க. அவருக்கு அதுதான் பிடிச்ச விஷயம். மதுரையில படிச்ச மாணவர்கள் ஊர் ஊரா ஆயராப் போனப்ப பாட்டும் கூடப் போச்சு. ஊர்ல வார்த்தை மாறும், தாளம் மாறும், புதுச் சரணம் முளைக்கும். கீர்த்தனைப் புத்தகத்துல அச்சான பாட்டுல ஒரு வார்த்தை மாத்தினா பெரியவங்க முறைப்பாங்க. இவரு, மாத்தினாத்தான் அது மக்கள் பாட்டுங்கறார். மத்தியானம் கிட்ஹப்ல வேலை பார்த்துட்டு ராத்திரி இதைப் படிச்சா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. தன் கோடை யார் வேணும்னாலும் எடுத்து மாத்திக்கலாம்னு திறந்து வச்ச மனுஷன், அதுவும் ஆராதனை முறைமையில! முழு ஆராதனையையே கிராமிய இசையில அமைச்சார். கடவுளைப் பிதாவாக மட்டும் பார்க்காம, அம்மாவும் அப்பாவும் சேர்ந்த 'பெத்தவர்' ஆக்கினார். தமிழ்ல அந்த வார்த்தைக்கு ஆண் பெண் கிடையாது. எந்த இறையியல் நூலகத்துலயும் தேடாம, எங்க பாட்டி தினமும் பேசற வார்த்தையில இருந்து எடுத்தது.

அதே சமயம் கிராமம்னாலே புனிதம்னு அவர் நினைக்கலை. பழமொழியிலயும் கூத்துலயும் ஜாதித் திமிரும் பெண்ணை மட்டம் தட்டறதும் எவ்வளவு கிடக்குன்னு அவருக்குத் தெரியும். அதையும் சேர்த்து மாத்தணும்ங்கிறார். இப்ப 'மண் வாசனை'ன்னு ரீல்ஸ் போடறவங்க இந்தப் பகுதியைக் கொஞ்சம் கேட்டா நல்லது.

சரி, உலைக்கு வர்றேன். நம்ம பக்கம் ஒரு குடும்பம் பிரிஞ்சிடுச்சான்னு எப்படிக் கேட்போம்? "உலை ஒண்ணா, தனியா?" ஒரே உலைச் சோறு தின்னா ஒரே குடும்பம். பரட்டை ஐயரோட இறையியலுக்கு நடு மையம் இந்த 'ஒரு உலை'தான். திருவிருந்துன்னா நாக்குல கரையற சின்ன அப்பமும் ஒரு வாய் ரசமும் மட்டும் இல்லை. ஜாதி பார்க்காம ஒரே பானையில பொங்கி ஒண்ணா உக்காந்து சாப்பிடறது. ஜாதியோட முதல் சட்டமே யார் கையால யார் சாப்பிடலாம்ங்கிறதுதான். அதனால அதே இடத்துல கை வச்சார். மூட்டையை அவிழ்த்தது இப்படித்தான்: தமிழ் இசை வேணும், ஜாதி வேணாம். சாஸ்திரியாரும் மிஷனரியும் ஆளுக்குப் பாதி வச்சிருந்ததை இவர் பிரிச்சுச் சேர்த்தார்.

இதுக்கு ஒரு வித்து சிஎஸ்ஐ-யோட சொந்த முறைமையிலயே இருந்தது. 1950-ல் வந்த திருவிருந்து ஆராதனை முறைமையில 'சமாதானம் பகிர்தல்'னு ஒண்ணு இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? ஆயர் கையில இருந்து ஆரம்பிச்சு, ஒருத்தர் உள்ளங்கை இன்னொருத்தர் உள்ளங்கைக்குள்ள போய், வரிசை வரிசையா கடைசி ஆள் வரைக்கும் போகும். கேரளத்துச் சிரியன் மரபுல இருந்து எடுத்தது. பிற்பாடு மேல்நாட்டு சபைகள் தங்க ஆராதனைல இதைச் சேர்த்தப்ப சிஎஸ்ஐ-யைத்தான் முன்மாதிரியாப் பார்த்தாங்க. தீண்டாமை இருக்கிற நாட்டுல, எல்லாரும் எல்லாரையும் தொட்டாகணும்னு ஆராதனைப் புத்தகத்துலயே எழுதி வச்சிருக்காங்க! கோவிட்ல பல இடத்துல இது கும்பிடு ஆச்சு. நான் போற சில சர்ச்ல இன்னும் கும்பிடாவே நின்னுடுச்சு. யாருக்கும் அது ஒரு இழப்பாத் தெரியலை. எனக்கு உறுத்துது.

அதே 1950-ல்தான், ஆகஸ்ட் 10-ம் தேதி, ஜனாதிபதி ஆணை வந்தது. இந்துவா இருந்தாத்தான் பட்டியல் சாதிங்கிற ஆணை. 1956-ல் சீக்கியரையும், 1990-ல் பௌத்தரையும் சேர்த்தாங்க. கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கலை. தமிழ்நாட்டுல மதம் மாறின தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல வர்றாங்க. இதைப் பார்க்க 2022-ல் மத்திய அரசு நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில ஆணையம் போட்டது. இதனால ஊர்ல நடக்கிறது என்னன்னா, ஞானஸ்நானத்துல ஒரு பேரு, சர்டிஃபிகேட்ல ஒரு பேரு. சர்க்கார் கணக்குல கிறிஸ்தவனுக்கு ஜாதிக் கொடுமை இல்லை. மேட்ரிமோனி கணக்குல இருக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டினவனுக்கு ஞாயித்துக்கிழமை எல்இடி வால்ல பாட்டு வரி ஓடினா என்ன, ஓடாட்டி என்ன?

இப்ப பரட்டை ஐயருக்கு எதிரான வாதம். இது எனக்கு நிஜமாவே கஷ்டமான பகுதி.

மதுரைக் கல்லூரியில 90-கள்ல தலித் கலை விழா நடந்தது, பறை முழங்கினது. சாவுக்கு அடிக்கிற மேளம்னு ஒதுக்கின பறை, இறையியல் கல்லூரிக்குள்ள. சிலருக்கு அது விடுதலை. ஆனா காலனியில இருந்து வந்து, டைடல் பார்க்ல வேலை பார்க்கிற என் வயசுப் பையன் ஒருத்தன் என்கிட்ட கேட்டான்: "எங்க தாத்தாவைக் கூப்பிட்டு அடிக்க வச்ச மேளம்டா அது. வேணாம்னு சொன்னா ஊருக்குள்ள இருக்க முடியாது. அதைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் எங்கப்பா டவுனுக்கு வந்தார். நான் கிடார் வாசிக்கக் கூடாதா?" தலித் இயக்கங்களுக்குள்ளயே இந்த விவாதம் உண்டு. பறையைத் தொடவே கூடாதுன்னு நின்ன தலைவர்களும் இருக்காங்க.

அமெரிக்காவுல இதே மாதிரி ஒண்ணு நடந்தது. நாஷ்வில்ல, விடுதலையான அடிமைகளுக்காக ஆரம்பிச்ச ஃபிஸ்க் கல்லூரி. காசில்லை. 1871-ல் மாணவர்கள் ஒரு பாட்டுக் குழுவாக் கிளம்பி ஊர் ஊராப் பாடி நிதி திரட்டினாங்க. அடிமைக் காலத்துல பெத்தவங்க பாடின பாட்டுகளை வெள்ளைக்காரங்க முன்னாடி பாட முதல்ல அவங்களுக்கு மனசே வரலை. அது வீட்டுக்குள்ள அழுத பாட்டு. தயங்கித் தயங்கித்தான் மேடையில ஏத்தினாங்க. அப்புறம் இங்கிலாந்து ராணி வரைக்கும் கேட்டாங்க.

அந்தப் பையனுக்கு இதைச் சொன்னேன். "அவங்களே முடிவு பண்ணாங்க இல்ல?"ன்னான். அதுல பாயிண்ட் இருக்கு. பறை வேணுமா கிடார் வேணுமாங்கிறதை அடிச்சவனோட பேரன்தான் சொல்லணும், கமிட்டி இல்லை. என் கணிப்பு, பரட்டை ஐயர் இதுக்குச் சண்டைக்கு வரமாட்டார். மாத்திப் பாடுங்கடான்னு சொன்ன ஆளாச்சே. கிடாரை விட்டுக் கொடுத்துருவார், உலையை விட மாட்டார்.

பெண் ஆயர்கள் கதையும் இதுல சேரும், ஆனா அதுக்குத் தனி எபிசோட் வேணும். சிஎஸ்ஐ-ல முதல் பெண் ஆயர் அபிஷேகம் 1976-ல், முதல் பெண் பேராயர் 2013-ல், நந்தியாலில் புஷ்பலலிதா. நடுவுல 37 வருஷம். இப்போதைக்கு அவ்வளவுதான். திருமண்டலத் தேர்தல், சொத்து, கோர்ட் கேஸ் பத்திப் பேசச் சொல்லியும் மெயில் வருது. அதுக்கு நியூஸ் சேனல் இருக்குங்க.

ஒரு வேலை தர்றேன். அடுத்து உங்க சர்ச்ல அறுப்பின் பண்டிகை வரும்போது அன்பின் விருந்து போடுவாங்க. திருநெல்வேலிப் பக்கம் 'அசனம்'பாங்க, ஊரே உக்காரும். நம்ம ஊர்ல இப்ப பெரும்பாலும் கேட்டரிங்தான். கேட்டரிங் வந்த பிறகு எல்லாருக்கும் ஒரே அண்டாதான், யார் சமைச்சாங்கன்னும் கேட்கறதில்லை. இறையியல் பண்ண முடியாததைப் பிரியாணி மாஸ்டர் பண்ணிட்டார்னு நான் சும்மா கிண்டலுக்குச் சொல்லிட்டிருப்பேன். ஆனா டேபிளைப் பாருங்க. யார் குடும்பம் யார் குடும்பத்தோட ஒரே டேபிள்ல உக்காருது, இலை எடுக்கிறது யாரு, கடைசிப் பந்தி யாருக்கு? பார்த்துட்டு எழுதுங்க, பேர் போடாம படிக்கிறேன்.

பரட்டை ஐயர் பாட்டு யூடியூப்ல தேடினா கிடைக்கும். ஹெட்ஃபோன்ல கேட்காதீங்க, நாலு பேர் இருக்கிறப்ப ஸ்பீக்கர்ல போடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாமுங்க.